கல்லாவில் பேசும் பெட்டி: ஒலியும் சூடும்



போகிப் பண்டிகையன்று மாலை ஏழு மணி. வெல்லம், பச்சரிசி, முந்திரி, ஏலக்காய் என்று கேட்டபடி கடை வாசலில் மூன்று வரிசை ஆட்கள். ஒருவர் 600 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு செல்போனில் பணம் அனுப்பினார். கல்லா ஓரத்தில் இருந்த சவுண்ட் பாக்ஸ் "அறு" என்று தொடங்கி, நடுவில் கரகரத்து, "ரூபாய் பெறப்பட்டது" என்று முடித்தது. அறுநூறு என்று என் காது எடுத்துக்கொண்டது. பையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரவு பத்தரை மணிக்குக் கணக்கைச் சரிபார்த்தபோது அந்த நேரத்தில் வந்திருந்தது 60 ரூபாய். அவர் விரல் தவறி ஒரு பூஜ்யத்தை விட்டாரோ, வேண்டுமென்றே விட்டாரோ, எனக்குத் தெரியாது. முகமும் நினைவில் இல்லை. 540 ரூபாய் போனது போனதுதான். ஒரு மூட்டை அரிசி விற்றால் நமக்கு என்ன நிற்கும் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டு யூ.பி.ஐ. முறை வந்தது. 2019க்குப் பிறகு இந்தப் பேசும் பெட்டிகள் ஒவ்வொரு கல்லாவுக்கும் வந்து சேர்ந்தன. அனுப்பியதாகத் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்களிடமிருந்து நம்மைக் காப்பாற்றும் காவல்காரன் இது என்று நம்பித்தான் வாடகை கொடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் காவல்காரன் தெளிவாகப் பேசாவிட்டால்?

மறுநாள் வீட்டுக்கு வந்த என் பெரியப்பா மகன், முப்பது வருடம் மைக்செட் நடத்தியவர். கோயில் கொடையிலிருந்து அரசியல் கூட்டம் வரை குழாய் கட்டியவர். நடந்ததைச் சொன்னேன். கடைக்கு வந்து பெட்டியைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "தம்பி, இதற்கு எதற்கு மழைக்கோட்டு?" என்றார். தூசி படக்கூடாது என்று நான் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். பெட்டிக்குப் பின்னால் சாக்கு மூட்டை. வால்யூம் முழுவதும் ஏற்றியிருந்தது. போதாததற்கு நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்தது. தொட்டுப் பார்த்தால் இட்லிப் பானை மூடிபோலச் சூடு. அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்தும் சோதித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். செல்போனுக்கும் இதே பாடம்தான் பொருந்தும். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே.

ஒலிபெருக்கிக்குள் என்ன இருக்கிறது

ஒரு காந்தம். அதன் இடுக்கில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். மெக்கானிக்குகள் இதைக் காயில் என்பார்கள். காயிலோடு ஒட்டிய ஒரு மெல்லிய ஏடு. காயிலில் மின்சாரம் ஓடும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது, ஏடு அதிர்கிறது, காற்று அசைகிறது, நமக்குக் கேட்கிறது. இந்த அமைப்பை இன்றைய வடிவில் 1925இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர். (மளிகைக்காரர்களுக்கு ரைஸ் என்ற பெயர் மறக்காது.) நூறு ஆண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. அளவுதான் சிறுத்துவிட்டது. செல்போனுக்குள் இருப்பது ஒரு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, மூன்று மில்லிமீட்டர் கனம். சவுண்ட் பாக்ஸில் இருப்பது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அங்குலம்.

இனிதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய கணக்கு. இவ்வளவு சிறிய ஒலிபெருக்கிக்கு 100 பங்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு பங்குகூட ஒலியாக வெளியே வருவதில்லை. மீதி 99 பங்கும் காயிலிலேயே சூடாக மாறிவிடுகிறது. நூறு மூட்டை ஏற்றிவிட்டால் ஒரு மூட்டைகூடக் கடைக்கு வந்து சேராத லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட லாரியில் இன்னும் நூறு மூட்டை ஏற்றுவது புத்திசாலித்தனமா? வால்யூம் பொத்தானை அமுக்கிக்கொண்டே போகும்போது நாம் செய்வது அதைத்தான்.

அண்ணனின் குழாய் ஸ்பீக்கர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். குழாயின் விரிந்த வாய், யூனிட்டின் அதிர்வைக் காற்றோடு நன்றாகப் பிணைத்துவிடுகிறது. சாதாரண ஸ்பீக்கரைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஒலி கிடைக்கும். அதனால்தான் சிறிய ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்க வைத்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியில் அந்தக் குழாய்க்கு இடம் ஏது?

சூடு ஏறினால் என்ன ஆகும்

காயில் கருகிவிடும் என்பது எல்லாரும் அறிந்ததே. கருகுவதற்கு வெகு முன்பே நடக்கும் இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. செம்புக் கம்பி ஒரு டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.39 விழுக்காடு கூடுகிறது. 20 டிகிரியில் இருந்த காயில் 120 டிகிரிக்குப் போய்விட்டால் தடை 39 விழுக்காடு கூடிவிடும். அதே மின்னழுத்தத்தில் அதற்குள் ஓடும் மின்னோட்டம் 72 பங்காகக் குறையும். ஒலியின் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதாவது, சத்தம் போதவில்லை என்று நாம் கூட்டுகிறோம், காயில் சூடாகிறது, சூடானதால் சத்தம் குறைகிறது, குறைந்ததால் இன்னும் கூட்டுகிறோம். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதை.

120 டிகிரியா என்று திகைக்க வேண்டாம். வெளியே கைக்குத் தெரிவது 45, 50 டிகிரிதான். காயில் மயிரிழை போன்றது, எடை அற்பம். அதனால் ஓரிரு நொடியிலேயே கொதித்துவிடும். அதைச் சுற்றியுள்ள காந்தமும் இரும்பும் நிதானமாகச் சில நிமிடங்களில் சூடாகும். பிளாஸ்டிக் கூடு கடைசியாக. வெளியே சூடு தெரிகிறதென்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். செல்போனில் உள்ள சிறிய ஒலிபெருக்கிகளில் நியோடிமியம் காந்தம் போடுகிறார்கள். 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்ட இந்தக் காந்தம் சிறிய அளவில் பெரிய வலு தரும். ஆனால் இதன் சாதாரண ரகம் 80 டிகிரிக்கு மேல் போனால் வலுவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறாதபடி இழந்துவிடக்கூடும். "புதிதில் நன்றாகப் பேசியது, இப்போது அடித்தொண்டையில் பேசுகிறது" என்று நம்மவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நமக்கு எந்தச் சத்தம் வேண்டும்

அண்ணன் என்னைக் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "உனக்குச் சத்தம் வேண்டுமா, சொல் வேண்டுமா?"

ஒலியில் கீழ்ஸ்தாயி உண்டு, மேல்ஸ்தாயி உண்டு. தவில், பறை போன்றவற்றின் அடி ஒலி கீழே. தாளத்தின் சிலிர்ப்பு மேலே. கீழே போகப் போக ஒலிபெருக்கியின் ஏடு அதிக தூரம் அசைய வேண்டும். அதிர்வெண் பாதியானால் அதே அளவு சத்தத்துக்கு அசைவு நான்கு மடங்கு வேண்டும். 800 ஹெர்ட்ஸில் கேட்கும் சத்தத்தை 100 ஹெர்ட்ஸில் கேட்க வேண்டுமென்றால் 64 மடங்கு. செல்போன் ஏடு அசையக்கூடியதோ ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆகவே அந்தச் சிறு ஒலிபெருக்கிக்குள் கீழ்ஸ்தாயி ஒலியை எவ்வளவு திணித்தாலும் அது வெளியே வராது. சூடாகத்தான் வரும். கூடவே ஏடு எல்லை மீறி இடித்துக் கரகரப்பும் வரும்.

நல்லவேளையாகப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கீழ்ஸ்தாயி தேவையில்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. ஆண் குரலின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அது தொலைபேசியில் வரவே வராது. ஆனாலும் மறுமுனையில் பேசுவது மாமனாரா மைத்துனரா என்று தெரிந்துவிடுகிறதல்லவா? மேலே உள்ள கிளை ஒலிகளை வைத்து மூளை அடிநாதத்தைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. இன்றைய செல்போன் நிறுவனங்கள் இந்தச் சூட்சுமத்தைப் பாட்டுக்கும் பயன்படுத்துகின்றன. இல்லாத மத்தள ஒலி இருப்பதுபோலக் கேட்பது இப்படித்தான்.

இன்னொரு செய்தி. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காது எந்த ஒலியை எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை காது மிகக் கூர்மை. கீழே மந்தம். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யெழுத்துகளின் ஒலியும் பெரும்பாலும் இந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. நம் எண்களைப் பாருங்கள்: அறுபது, அறுநூறு, எழுபது, எழுநூறு, எண்பது, எண்ணூறு. முன் பாதி ஏறக்குறைய ஒன்றே. பத்து மடங்கு வித்தியாசம் பின் பாதியில் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பேசவிட்டால் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்று வேறு தொல்லை. அந்தப் பின் பாதியைத் தெளிவாகக் கேட்கச் செய்வதுதான் நம் வேலை. கடை அதிர வேண்டியதில்லை.

எனவே செல்போனில் பாஸ் பூஸ்ட் என்ற வசதி இருந்தால் கடை நேரத்தில் அணைத்துவிடுங்கள். ஒலிச் சீரமைப்பில் குரல் என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். கீழ்ஸ்தாயியை வெட்டியதும் காயிலின் சூடு குறையும். மிச்சமான மின்சாரம் பேச்சுக்குப் போகும். செலவில்லாத வேலை.

தயாரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்

முன்பெல்லாம் ஆம்ப்ளிபயரே பாதி மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்த்துவிடும். இப்போது கையடக்கக் கருவிகளில் டி வகுப்பு என்ற ஆம்ப்ளிபயர்கள் வந்துவிட்டன. மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் வேலை செய்வதால் 85, 90 விழுக்காடு வரை ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேருகிறது. ஆம்ப்ளிபயரின் சூடு தீர்ந்தது. காயிலின் சூடு நிற்கிறது.

அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. நம் தொழிலோடு பொருந்துவதும்கூட. முன்பு ஒலிபெருக்கிக்கு அரை வாட் என்று எழுதியிருந்தால், எந்த நிலையிலும் அதைத் தாண்டாதபடி ஆம்ப்ளிபயரைக் கட்டி வைத்தார்கள். யாருக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கடன் இல்லை என்று பலகை மாட்டுவதுபோல. நல்ல வாடிக்கையாளருக்கும் அதே பலகைதான். 2010களின் தொடக்கத்தில் ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கும் ஆம்ப்ளிபயர்கள் வந்தன. ஸ்மார்ட் ஆம்ப்ளிபயர் என்று பெயர். அது காயிலுக்குப் போகும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் அளக்கிறது. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் தடை. தடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தால், அந்த 0.39 கணக்கின்படி காயில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாக வெப்பமானி எதுவும் வைக்கவில்லை. சூடாகும் கம்பியே தன் சூட்டைச் சொல்கிறது.

காயில் குளிர்ந்திருக்கும்போது சில கணங்களுக்கு எழுதிய அளவைப்போல் பல மடங்கு மின்சாரத்தைத் தைரியமாக விடுகிறது. எல்லையை நெருங்கினால் யாருக்கும் தெரியாமல் மெல்ல இழுத்துப் பிடிக்கிறது. ஏடு இடிக்குமா என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டு, இடிக்கக்கூடிய கீழ்ஸ்தாயியை மட்டும் குறைக்கிறது. நீங்கள் நல்ல செல்போனில் பாட்டு வைத்துப் பத்து நிமிடத்தில் சத்தம் கொஞ்சம் இறங்குவதுபோல் உணர்ந்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. போன் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்வதாக இருக்கலாம். விலை மலிந்த கருவிகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அங்கே நாமேதான் ஸ்மார்ட்டாக இருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சில செல்போன்களில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உள்ள சின்னஞ்சிறு அறையில் ரவை போன்ற மணிகளை நிரப்பி வைக்கிறார்கள். சியோலைட் என்ற கனிமம். காற்றை அமுக்கும்போது இந்த மணிகள் அதை ஈர்த்துக்கொள்வதால், அறை உண்மையில் இருப்பதைவிடப் பெரியதுபோல நடந்துகொள்கிறது. அறை பெரிதானால் ஏடு சுலபமாக அசையும், குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி கிடைக்கும். இதற்கு அந்த அறை காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். திரை மாற்றக் கொடுத்த போன் திரும்பி வந்தபின் சத்தம் பொங்கலாகிவிட்டது என்றால், ஒட்டும் பசையோ ரப்பர் ஓரமோ சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். மெக்கானிக்கிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். ஒலிபெருக்கியையே மாற்ற வேண்டும் என்பாரானால் முதலில் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வால்யூம் பூஸ்டர் என்று செயலிகள் உலாவுகின்றன. நான் வேண்டாம் என்பேன். ஆம்ப்ளிபயர் கொடுக்கக்கூடிய உச்சத்துக்கு மேல் ஒலியை ஏற்றினால் அலையின் தலையை வெட்டித்தான் கொடுக்க முடியும். தலை வெட்டப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள வளைந்த அலையைவிட இரண்டு மடங்கு ஆற்றலைக் காயிலுக்குள் இறக்குகிறது. சத்தம் கொஞ்சம் கூடும். சொல் கெடும். சூடு இரட்டிக்கும். என் பெட்டி "அறு"வுக்குப் பிறகு கரகரத்ததும் இந்த ஜாதி வியாதிதான். வால்யூமை இரண்டு படி இறக்கியதும் பாதிக் கரகரப்பு போய்விட்டது.

பெட்டியை வைக்கும் இடம்

இங்கேதான் மிகப் பெரிய லாபம் கிடைக்கிறது. திறந்த வெளியில் ஒலி பரவும்போது தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அந்த 6 டெசிபலை ஆம்ப்ளிபயரால் ஈடுகட்ட வேண்டுமானால் நான்கு மடங்கு மின்சாரம் வேண்டும். கடைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் கொஞ்சம் குறைவாக இழப்போம், அவ்வளவுதான். உங்கள் காதிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் பெட்டியை அரை மீட்டருக்கு இழுத்து வைத்தால், காயிலுக்கு நான்கில் ஒரு பங்கு வேலைதான். சூடும் நான்கில் ஒரு பங்கே. ஆயிரம் ரூபாய்க்குப் புதுப் பெட்டி வாங்கினாலும் இந்த ஆதாயம் கிடைக்காது.

அடுத்து, முகம் எந்தப் பக்கம்? க்யூ.ஆர். அட்டை வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியையே அவர் பக்கம் திருப்பி வைக்கிறோம். ஓட்டைகளும் அந்தப் பக்கமாகவே இருந்தால் பெட்டி அவரிடம் சொல்கிறது, நாம் முதுகுப்புறமிருந்து ஒட்டுக்கேட்கிறோம். கீழ்ஸ்தாயி ஒலி பெட்டியைச் சுற்றி வளைந்து வந்துவிடும். நமக்குத் தேவையான மெய்யெழுத்து ஒலிதான் நேராகப் போய்விடும். அட்டை தனியாக ஒன்று ஒட்டிக்கொண்டு, பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, ஓட்டை உங்கள் காதை நோக்கும்படி வையுங்கள். கீழ்ப்புறம் ஓட்டையுள்ள பெட்டியானால் துணிமேல் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

பின்னால் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கோணிச் சாக்கு, துணிப்பை, அட்டைப்பெட்டி, இவை ஒலியை உறிஞ்சும். அதுவும் மேல்ஸ்தாயியைத்தான் முதலில் உறிஞ்சும். கண்ணாடி ஜாடி வரிசை, ஓடு பதித்த சுவர், மரப்பலகை, இவை திருப்பி அனுப்பும். நான் பெட்டியைச் சாக்கு மூட்டைமேல் சாய்த்து வைத்திருந்தேன். இப்போது மிட்டாய் ஜாடிகளுக்கு முன்னால் இருக்கிறது.

செல்போனைப் பித்தளை டம்ளருக்குள் நிறுத்தினால் சத்தம் கூடுமே என்று சிலர் கேட்பீர்கள். கூடும். பாட்டுக் கேட்கச் சரி. ஆனால் டம்ளர் தனக்குப் பிடித்த ஒரு சுருதியை மட்டும் ஓங்கச் செய்யும். பேச்சு பானைக்குள் பேசியதுபோல் ஆகிவிடும். போதாததற்குப் போன் காற்றோட்டமில்லாமல் சூடேறும்.

தூசி, வெயில், அரிசி

மளிகைக் கடையைப்போல் ஒலிபெருக்கிக்கு ஆகாத இடம் வேறில்லை. கோதுமை மாவு, மிளகாய்த்தூள், சர்க்கரைப் பொடி எல்லாம் காற்றில் மிதந்து வலையில் படியும். எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் கெட்டியாகிவிடும். வலை அடைந்தால் முதலில் சாவது மேல்ஸ்தாயிதான். வாரம் ஒருமுறை, மிருதுவான காய்ந்த பல்துலக்கியால், ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு தட்டித் துடையுங்கள். குண்டூசி விடாதீர்கள். செல்போனின் அடி ஓரத்தில் உள்ள ஓட்டைகளில் சில மைக்குக்கு உரியவை. எது எது என்று தெரியாமல் குத்தினால் பேசுவது மறுமுனைக்குக் கேட்காது. சைக்கிள் கடைக் காற்றுக் குழாயையும் பிடிக்க வேண்டாம். ஏடு கிழிந்துவிடும்.

தூசிக்குப் பயந்து பிளாஸ்டிக் உறை போடுவது நோய்க்கு மருந்தாக வேறொரு நோய். உறை ஒலியை மந்தமாக்கும், சூட்டையும் வெளியே விடாது. இரவில் கடை அடைத்தபின் மூடிவையுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள்.

நனைந்த போனை அரிசி மூட்டைக்குள் புதைப்பது நம்மவர்கள் கண்ட வைத்தியம். நம்மிடம் அரிசிக்குப் பஞ்சமா! ஆனால் ஆப்பிள் நிறுவனமே தன் போன்களை அரிசியில் போட வேண்டாம் என்கிறது. தவிட்டுத்தூளும் நொய்யும் உள்ளே புகுந்துவிடும் என்பது காரணம். ஓட்டை கீழே இருக்கும்படி தட்டித் தண்ணீரை வடியவிட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். காயும் வரை சார்ஜ் போட வேண்டாம்.

வெயில் பற்றி. ஆப்பிள் போன்களைச் சுற்றுப்புறச் சூடு 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். சென்னையில் 2003 மே மாதத்தில் 45 டிகிரி பதிவானது. தகரக் கூரையின் கீழ் எப்படி இருக்கும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஒலிபெருக்கியின் சூடு, சார்ஜ் ஏறும் சூடு, வெயில், மூன்றும் ஒரே சிறு கூட்டுக்குள் சேர்ந்தால் முதலில் கெடுவது பேட்டரி. ஆகவே காலையில் கடை திறக்குமுன் சார்ஜ் போட்டு எடுத்துவிடுவது நல்லது. வியாபாரம் மும்முரமான நேரத்தில் பெட்டி சார்ஜரில் இருக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பது குளிர்ச்சி என்று எண்ணாதீர்கள். உள்ளேயிருந்து எடுத்த சூட்டை அது வெளியேதான் தள்ளுகிறது. பஜ்ஜி அடுப்பு, விளக்குப் பலகை, மேற்கு வெயில் விழும் மூலை, இவையும் வேண்டாம்.

சிக்னல் குறைந்த மூலையில் வைத்தாலும் பெட்டி சூடாகும். கோபுரத்தை எட்டுவதற்காக உள்ளே இருக்கும் சிம் கருவி உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது. பணம் வந்த செய்தி தாமதமாக வருவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இரும்பு அலமாரிக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைத்துப் பாருங்கள்.

இடம் மாற்றியபின் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் அமைதியாக இருக்கும்போது சோதித்துப் பயனில்லை. மாலை ஏழு மணிக்கு, எதிரே பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, நீங்கள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைப் பையனைத் தன் போனிலிருந்து ஒரு முறை 60, ஒரு முறை 70 என்று எது முதலில் என்று சொல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். கேட்டதைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். (பணத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.) வால்யூமை முழுவதிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வந்து, எந்தப் படியில் தெளிவாக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். என் கடையில் அது முழு அளவிலிருந்து மூன்று படி கீழே. 300 ரூபாய்க்கு மேல் போனால் காதை நம்பாமல் போனில் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கொடுக்கிறோம். அது வேறு விஷயம்.

பெட்டியின் அடிப்பாகமோ போனின் முதுகோ உப்பியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். உப்பியது பேட்டரி. அமுக்கிப் பார்க்காமல், குத்திப் பார்க்காமல், சார்ஜரிலிருந்து எடுத்து, எண்ணெய் டின்களுக்கும் தீப்பெட்டி பண்டலுக்கும் எட்டாத இடத்தில் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, பெட்டி கொடுத்த நிறுவனத்தின் ஆளை அன்றைக்கே வரச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.